கூபகத் தளமும் பாலியல் நலனும்: வன்னிப் பெண்களின் உழைப்பு நோக்கிய சில குறிப்புகள்

மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழாக்கிய ‘பிரசவ வைத்தியம்’ 1857 இல் அச்சேறியது. பெண்ணுடலின் உள்ளுறுப்புகளைத் தமிழில் விளக்கவியலாது என்னும் கூற்று அன்றே பொய்த்துவிட்டது எனலாம். ஆயின் அதன்பின் வளர்ந்த மருத்துவத் தமிழ் பெண்ணைப் பெரிதும் பிள்ளை பெறுபவளாகவே கண்டது. பெற்றபின் அவளது தசைகளுக்கும் தாம்பத்திய வாழ்வுக்கும் நேர்வது யாது என்னும் வினா அருகியே எழுந்தது. அவ்வினாவை வன்னிப் பெருநிலப்பரப்பின் உழைக்கும் பெண்ணை மனங்கொண்டு ஈண்டு நோக்குவோம்.

கூபகத் தளம் என்பது முன்னே பூப்பென்பு தொடங்கிப் பின்னே முதுகெலும்பின் நுனிவரை, ஏணை போலத் தொங்கும் தசைத் தொகுதியாகும். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைத் தாங்குவது அதுவே. யோனியைச் சூழ்ந்திருப்பதும் உடலின்பத்தின்போது சுருங்குவதும் அதே தசைகள். ஆகவே தாங்கும் ஆற்றல் குன்றின் இன்பமும் குன்றக்கூடும் என்பதில் வியப்பில்லை. யோனிவழிப் பேறு, ஆயுதமிட்டெடுத்த பேறு, ஆழக் கிழிதல், மாதவிடாய் நின்றபின் ஓமோன் குறைதல், ஓயாத இருமல், மலச்சிக்கல், பாரந் தூக்கல் என்பன தளர்வுக்கு ஏதுவாகின்றன. அப்போது இருமினாற் சிறுநீர் கசியும். கருப்பை கீழிறங்கவும் கூடும். கூடலின்போது கசிந்துவிடுமோ என்னும் அச்சம் பெண்ணை விலகி நிற்கச் செய்கின்றது. இதற்கு எதிர்மாறான நிலையும் உண்டு. தசைகள் தளர மறுப்பதாற் கூடல் நோகின்றது. நோவை எதிர்பார்த்துத் தசை மேலும் இறுகுகின்றது. பேற்றுக் காயத்தின் தழும்பும், வன்செயலின் நினைவும் இதற்குக் காரணமாகலாம். குடும்பத்துள் இது ‘விருப்பமின்மை’ என்றோ ‘பிடிவாதம்’ என்றோ பெயர்பெறுவது கவனித்தற்குரியது.

இரணைமடு, முத்தையன்கட்டு போன்ற குளங்களை அண்டிய குடியேற்றங்களிற் காணியுடைய குடும்பங்கள் வாழ்ந்தன. 1977 வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களுட் பல கூலியையே நம்பின. பேற்றின்பின் 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை தாயை அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் விடாத வழக்கம் தீட்டுக் கருத்தில் எழுந்தது. அதனை நாம் போற்றவேண்டியதில்லை. எனினும் சரக்குக் கறியோடும் பத்தியத்தோடும் அது கிழிந்த தசைக்கு ஓய்வையும் தந்தது. அவ்வோய்வு கூலிக்காரிக்கு எத்தனை நாள் கிட்டும்? களைபிடுங்கலும் கச்சான் பிடுங்கலும் நாட்கூலி. தண்ணீர்க் குடமும் விறகும் கூலியற்ற வேலை. ஆறு கிழமைக்குப் பாரந் தூக்கவேண்டாம் என்னும் மருத்துவ அறிவுரை, தூக்குவதற்கு வேறு ஆளுள்ள வீட்டையே மனங்கொண்டது. 2009 இன் போரும் 2012 வரை நீடித்த செட்டிகுளம் முகாம் வாழ்வும் பெண்கள் தலைமையேற்ற குடும்பங்களைப் பெருக்கின. கணவனை இழந்தவளுக்குப் பாலியல் நலன் எதற்கு என்று சமூகம் சொல்லாமற் சொல்லிற்று.

அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னோல்ட் கேகல் இத்தசைகளுக்கான பயிற்சியை 1948 இல் விளக்கினார்; 1952 இல் இவற்றின் பாலியற் தொழிற்பாடு பற்றியும் எழுதினார். சிறுநீரை அடக்குவதுபோலத் தசையைச் சுருக்கி, சில வினாடி நிறுத்தி, முற்றாகத் தளர்த்துவதே அப்பயிற்சி. மூன்று மாதமேனும் அன்றாடம் தொடரவேண்டும், செலவில்லை. ஆயின் இறுக்கமுடையாருக்கு இதுவே நோவைக் கூட்டக்கூடும். அவர்கள் முதலில் தளர்த்தக் கற்கவேண்டும். பரிசோதியாது எல்லோருக்கும் ஒரே அறிவுரை கூறுவது தவறு. இறங்கிய கருப்பையை வளையமிட்டுத் தாங்கலாம். முற்றியதற்குச் சத்திரசிகிச்சை உண்டு.

நேபாள உச்ச நீதிமன்றம் 2008 இல் கருப்பை இறக்கத்தைப் பெண்களின் இனப்பெருக்க உரிமை பற்றிய பிரச்சினையாகக் கொண்டு, அரசை நடவடிக்கை எடுக்கப் பணித்தது. இலங்கையில் 1996 முதல் சுகவனிதையர் சிகிச்சை நிலையங்கள் உள. நெதர்லாந்தின் உதவியுடன் கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் பெண்களுக்கான சிறப்பு நிலையமொன்று 2024 இல் திறக்கப்பட்டது. கட்டடம் வேண்டியதே. ஆயின் பேற்றின்பின் வீடுதேடி வரும் குடும்பநல உத்தியோகத்தரின் வாயிலிருந்துதான் முதல் வினா பிறக்கவேண்டும். “இருமேக்க சலம் போகுதோ, பிள்ளை?” என்று அவர் திண்ணையிலிருந்தே கேட்டுவிடலாம். அடுத்த வினா கூடல் நோகின்றதா என்பது. அகத்திணை கண்ட மொழியில் அதற்குச் சொல் இல்லாமலில்லை. மாமியின் செவிக்கு எட்டாத ஓரிடமும் கால்மணி நேரமுமே அதற்கு வேண்டும்.