நுரையீரலில் ரத்தக்கட்டி: எல்லோருக்கும் மாத்திரை வேண்டுமா?

காலில் உறைந்த ரத்தக்கட்டி பெயர்ந்து நுரையீரல் தமனியை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. இது மேல்நாட்டார் நோய், நம்மவர்களுக்கு அரிது என்றே நெடுங்காலம் நம்பியிருந்தோம். வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் 1996 முதல் 2005 வரையிலான பதிவேடுகளைப் புரட்டினார்கள். உள்நோயாளிகள் 10,000 பேரில் சுமார் 17 பேருக்குக் காலில் ஆழ்சிரை உறைவு இருந்தது. 2009இல் வெளியான அந்த ஆய்வுக்குப் பிறகு 'அரிது' என்பது பொருந்தாது.

இதற்குத் தரப்படும் உறைவெதிர்ப்பு மருந்து கட்டியைக் கரைப்பதில்லை, வளரவிடாமல் தடுக்கிறது. கரைக்கும் வேலையை உடம்பே பார்த்துக்கொள்கிறது. ஆனால் மூளையிலோ குடலிலோ ரத்தம் கசியவும் இதே மருந்து காரணமாகலாம். விவாதம் இங்கேதான் பிறக்கிறது.

இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பாரிட், ஜோர்டன் இருவரும் நடத்திய சோதனை 1960இல் வெளியானது. மருந்து பெறாத 19 பேரில் 5 பேர் நுரையீரல் அடைப்பால் இறந்தார்கள்; மருந்து பெற்ற 16 பேரில் அப்படி ஒருவரும் இறக்கவில்லை. சோதனையை அத்தோடு நிறுத்தினார்கள். மொத்தமே 35 பேர், சிடி ஸ்கேன் இல்லாத காலம் என்று குறை சொல்வோர் உண்டு. குறை நியாயமே. ஆனாலும் அந்த ஐந்து மரணங்களை ஒதுக்கிவிட முடியாது. பெரிய அடைப்புக்கு மருந்து தேவையா என்ற கேள்வி என்னளவில் முடிந்துபோனது.

முடியாதது வேறொன்று. இன்றைய ஸ்கேனில் தமனியின் நுனிக்கிளையில் இருக்கும் பொடிக் கட்டியும் தெரிந்துவிடுகிறது. காலில் கட்டி இல்லை, ஆபத்தும் குறைவு என்றால் மருந்தின்றிக் கண்காணிக்கலாம் என்றது 2016இன் அமெரிக்க வழிகாட்டுதல். அப்படிக் கண்காணிக்கப்பட்டவர்களில் சுமார் 3 சதவீதத்தினருக்கு மூன்று மாதத்துக்குள் மறுபடி உறைவு வந்ததாக 2022இல் ஓர் ஆய்வு சொன்னது. அது எதிர்பார்த்ததைவிட அதிகம்.

ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளில் தையல் மெஷின் முன் நாள் முழுக்க உட்காரும் பெண்களுக்கு ரத்தக்கட்டி வந்தால் இன்னொரு சிக்கல். பிரிஸ்டலில் கொடுத்த மருந்துகளில் ஒன்றுதான் இங்கே 'அசிட்ரோம்'. விலை குறைவு, ஆனால் அடிக்கடி ஐஎன்ஆர் ரத்தப் பரிசோதனை செய்து அளவை மாற்ற வேண்டும். கீரையைத் திடீரென்று கூட்டினாலும் குறைத்தாலும் கணக்கு மாறும். பரிசோதனைக்குப் போனால் அன்றைய கூலி போகும். அபிக்சபான், ரிவரோக்சபான் மாத்திரைகளுக்கு இந்த அலைச்சல் இல்லை. இந்திய நிறுவனங்களே தயாரிப்பதால் விலையும் இறங்கியிருக்கிறது. உங்களுக்கு அது பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

முதுகுவலிக்கு மருந்துக்கடையில் நீங்களாக டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடாதீர்கள். உறைவெதிர்ப்பு மருந்தோடு அது சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். மூச்சுவாங்கல் நின்றுவிட்டது என்று மாத்திரையை நடுவில் நிறுத்தாதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கினால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். திடீரென மூச்சு முட்டினாலோ நெஞ்சு வலித்தாலோ தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள்.