சுமக்கும் பையும் அமரும் முக்காலியும்

உழைப்பின் பெருமையைப் பேசுவோர் பலர். உழைப்பவர் இடையிடையே எங்கே உட்காருகிறார் என்று கேட்போர் மிகச் சிலர். அக்கேள்வியைச் சட்டமே கேட்கும் காலம் அண்மையில்தான் வந்தது. கேரளத்தில் 2018-ஆம் ஆண்டிலும், தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டிலும் கடைகள், நிறுவனங்கள் பற்றிய சட்டங்கள் திருத்தப்பெற்றன. நமது மாநிலத்தின் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்ட பிரிவின்படி, ஒவ்வொரு நிறுவனமும் தன் பணியாளர் அனைவருக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும். வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் உட்காரலாம். ஜவுளிக் கடைகளில் நாள் முழுவதும் நின்றே பணிபுரிந்துவந்த பெண்களுக்கு இது பெரிய ஆறுதலாகும்.

ஆயினும் முதலாளி ஒருவர் இருக்குமிடத்தில்தான் இச்சட்டம் பயன் தரும். தன் நிலத்து விளைவைத் தானே பறித்து, தானே சுமந்து, தானே விற்கும் குடியானவருக்கு இருக்கை தர வேண்டியவர் யார்? அவருக்கு முதலாளி அவரேதான். அவர் அங்கம் வகிக்கும் கூட்டுறவுச் சங்கத்தைத் தவிர அவருக்காக இதை எண்ணிப் பார்க்க வேறு எவரும் இல்லை. ஆகவே, முதுகில் பையாகச் சுமந்து சென்று வேண்டுமிடத்தில் ஆசனமாக விரித்துக்கொள்ளத்தக்க ஒரு சாதனத்தைப் பற்றி, கொல்லிமலையை முன்னிறுத்தி இங்கே ஆராய விரும்புகிறோம்.

மலையின் தேவை

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் உள்ளது. காரவள்ளியிலிருந்து மேலேறும் சாலை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கிறது. மிளகு, காப்பி, வாழை, பலா, அன்னாசி, சாமை, கேழ்வரகு ஆகியன இங்கு விளைகின்றன. சாலை வரையில்தான் லாரியும் பேருந்தும் வரும். தோட்டத்திலிருந்து சாலைக்கு வரும் ஒற்றையடிப் பாதையில் மனிதரே வண்டி. தலையில் சும்மாடு, அதன்மேல் கூடை அல்லது மூட்டை. இதுவே பெண்களின் வழக்கம். சோளக்காட்டுச் சந்தையிலோ பேருந்து நிற்குமிடத்திலோ சுமையை இறக்கிய பின்னும் காத்திருப்பு முடிவதில்லை. தரை ஈரமாக இருக்கும், கல் கிடைத்தால் கல்லின்மேல் அமர்வார்கள், கிடைக்காவிட்டால் நிற்பார்கள். இளம் வயதினர் குந்தியிருந்து எழுந்துவிடலாம். முழங்கால் நோவுள்ள மூதாட்டிக்கு அது இயலாது. சங்க ஆய்வுக்காக மலைக்குச் செல்லும் நாம் அடிக்கடி காணும் காட்சி இது.

முன்னோர் கண்ட வழிகள்

சுமப்பவர் இளைப்பாற வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதியதன்று. தமிழ்நாட்டுப் பழைய சாலைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்களை இன்றும் காணலாம். நிற்கும் இரு கற்களின்மேல் படுக்கைக் கல் ஒன்று, அவ்வளவே. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நாட்டினார்கள். சுமையைத் தரையில் இறக்கினால் மீண்டும் தூக்கிவிட இன்னொருவர் வேண்டும். ஆகையால் வழிப்போக்கர் துணையின்றியே சுமையை மாற்றி வைத்து மூச்சு விடத்தக்க உயரத்தில் அக்கல் அமைந்தது.

நேபாளத்து மலைச் சுமையாளர்கள் இதையே கையோடு எடுத்துச் செல்கிறார்கள். ‘தோக்மா’ என்னும் கட்டைக் கோல் அவர்களிடம் இருக்கும். அதன் தலை ‘டி’ எழுத்தைப் போன்றது. களைத்தபோது முதுகுக் கூடையின் அடியில் அதை நிறுத்தி, பாரத்தைக் கோலின்மேல் விட்டு, நின்றபடியே ஓய்வார்கள். தம் உடல் எடைக்கு நிகரான சுமையையும் அதற்கு மேற்பட்டதையும் அவர்கள் வியக்கத்தக்க சிக்கனமான உடற்சக்தியுடன் சுமப்பதை 2005-ஆம் ஆண்டில் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று எடுத்துக்காட்டியது. அத்தகைய திறமைசாலிகளும் ஓய்வுக்கென ஒரு கருவியைச் சுமந்தே செல்கிறார்கள் என்பது கருதத்தக்கது.

மடித்துச் சுமக்கும் ஆசனத்துக்கும் நம் நாட்டில் முன்மாதிரி உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ரூர்க்கியிலிருந்த ராணுவப் பொறியாளர் பிரிவில் உருவானது ‘ரூர்க்கி நாற்காலி’. ஆணியும் திருகும் இன்றி, கால்களின் துளைகளில் குறுக்குச் சட்டங்களைச் செருகி, கித்தான் துணியை இழுத்துக் கட்டினால் நாற்காலி ஆகிவிடும். பிரித்தால் சிறு கட்டாகிவிடும். மூட்டுகள் சற்றே நெகிழ்ந்து கொடுப்பதால், மேடு பள்ளத்திலும் நான்கு கால்களும் தரையில் பதியும். டென்மார்க் நாட்டுக் கட்டடக் கலைஞர் காரே கிளிண்ட் 1933-ஆம் ஆண்டில் அமைத்த புகழ்பெற்ற நாற்காலிக்கு இதுவே மூலம்.

நெசவாளர்க்கு மேலும் நெருங்கிய உதாரணம் பெட்டி ராட்டை. 1930-களில் எரவாடாச் சிறையில் இருந்த காந்தியடிகள் கைப்பெட்டி போல் மூடி எடுத்துச் செல்லத்தக்க ராட்டையை உருவாக்குவதில் மிகுந்த அக்கறை காட்டினார். சுமக்கும் பெட்டியே வேலை செய்யும் கருவியாயிற்று.

பையே தளவாடமாக மாறும் முயற்சி அண்மையில் மும்பையிலும் நடந்தது. ‘ஆரம்ப்’ என்னும் தொண்டு நிறுவனம் 2014-ஆம் ஆண்டில், கழிக்கப்பட்ட அட்டைப் பெட்டிகளை வெட்டி மடித்து, பள்ளிப் பையாகவும் தரையில் அமரும் மாணவருக்குச் சாய்வு மேசையாகவும் பயன்படும் பொருளைச் செய்தது. குனிந்து எழுதும் பிள்ளைகளின் கண்ணும் முதுகும் கெடாமலிருக்க இது துணைபுரிந்தது. கிடைக்கும் பொருளைக்கொண்டு, குறைந்த செலவில், ஒரு தேவையை மட்டும் கருதிச் செய்ததே அதன் சிறப்பு. ஆனால் அட்டையை நம் மலை மழை விட்டுவைக்காது. நமக்கு வேறு பொருள் வேண்டும்.

நான்கு காலா, மூன்று காலா?

பட்டணத்துக் கடைகளில் ஆசனப் பைகள் இப்போதே கிடைக்கின்றன. இரண்டு இரும்புச் சட்டங்கள் கத்தரிக்கோல் போல் குறுக்கிட, மேலே துணியும் கீழே பையும் தொங்கும். தூண்டில் போடுவோர்க்கும் சுற்றுலாச் செல்வோர்க்கும் அவை ஏற்றவை. நம் அங்கத்தினர்க்கு மூன்று குறைகள் தோன்றும். இரும்பு கனமானது. நான்கு கால்கள் சமமற்ற தரையில் ஆடும். எல்லாவற்றிலும் பெரிய குறை, அமர்பவர் பையின் மேலேயே அமர்கிறார். சந்தையில் விற்பவர் ஒவ்வொரு முறை சரக்கு எடுக்கவும் தட்டுத்தடுமாற வேண்டியிருக்கும்.

முக்காலி எத்தரையிலும் ஆடுவதில்லை. மூன்று முனைகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும் என்பது கணிதம். ஆகவே நாம் கருதும் அமைப்பு இதுதான்: சரக்கு வைக்கும் பை தனி; அதன் மேல் மூடியே முக்கோண ஆசனம்; மூன்று கால்கள் பையின் வெளிப்புறத்தில் ஒரு கட்டாகச் செருகப்பட்டிருக்கும். கனமான சரக்கு முதுகை ஒட்டியும், இலேசான கால்கள் வெளியேயும் இருந்தால் முதுகு பின்னுக்கு இழுபடாது. மூடியைக் கழற்றி அதன் மூன்று மூலைப் பைகளில் கால்முனைகளைச் செருகினால் ஆசனம் தயார். பை பக்கத்தில் திறந்திருக்கும்; வியாபாரம் தடைப்படாது. மழைக்காகப் பையின் வாயில் சுருக்குக் கயிறு வேண்டும்.

அளவுகளையும் கூறுவோம். கால் ஒவ்வொன்றும் 54 சென்டிமீட்டர். நடுவில் ஒரே மூட்டில் கோத்து விரித்தால், 40 சென்டிமீட்டர் உயரமும் பக்கத்துக்கு ஏறத்தாழ 31 சென்டிமீட்டர் உள்ள முக்கோணமும் கிடைக்கும். இது பெரும்பாலான பெண்கள் முழங்காலை மிகவும் மடக்காமல் உட்கார்ந்து எழத்தக்க உயரம். காலுக்குக் கல்மூங்கில் தகும். உள்ளே துளையற்ற, தடிக்கு உபயோகிக்கும் இனம் அது. 2 சென்டிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பருமனில் மூன்று கால்களும் சேர்ந்து அரைக் கிலோவுக்குள் அடங்கும். பச்சை மூங்கில் உதவாது; நன்கு உலர்த்தி, போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த நீரில் ஊறவைத்தால் வண்டு துளைக்காது.

மூட்டுக்குத் துளையிடும் இடமே காலின் பலவீனமான இடம். அங்கேதான் வளைக்கும் விசையும் மிகுதி. துளையின் இருபுறமும் முறுக்கேறிய நூலை நெருக்கமாகச் சுற்றி அரக்குப் பூசினால் மூங்கில் பிளவாது. அடிமுனைகளுக்குப் பழைய டயர் ரப்பரை அகலமாக வெட்டிப் பொருத்தினால், உழுத மண்ணிலும் கால் புதையாது.

நெசவாளரின் பங்கு

ஆசனத்தின் உயிர் துணியில் இருக்கிறது. இதற்கு நாம் தேடவேண்டிய இடம் தொலைவில் இல்லை. பவானி ஜமக்காளம் முரட்டு நூலில் நெருக்கமாக அடிக்கப்படும் துணி, உட்காருவதற்கென்றே பிறந்தது, 2005-06-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. 1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்கீழ் ஜமக்காளமும் கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட ரகங்களில் சேரும். ஆனால் தரையில் விரித்து அமரும் வழக்கம் குறைந்துவருகிறது. விரிப்பு விற்காவிட்டால் தறிக்கு வேலை இல்லை. தரையிலிருந்து எழுந்து முக்காலியில் ஏறினால் அத்துணிக்குப் புதிய வாழ்வு உண்டு.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. ஜமக்காளத்தில் ஊடை பாவை மறைத்து நிற்கும். விரிப்புக்கு அது அழகு. ஆசனத்திலோ இழுவை மூன்று மூலைகளுக்கும் ஓடுகிறது. பாவும் வலுவாயிருக்க வேண்டும். ஆகையால் பாவுக்கு இரட்டை இழை வேண்டும். முக்கோணத்தின் மூன்று ஓரங்களிலும் கட்டில் நாடாவை மடித்து வைத்து மூன்று வரிசைத் தையல் போட வேண்டும். துணி தேய்ந்தாலும் நாடா தாங்கும். மூலைப் பைகளுக்கு இரட்டைத் துணி அவசியம். தோள்பட்டைகளும் அதே நாடாவில், குறைந்தது நான்கு விரல் அகலத்தில் இருந்தால் தோள் அறுபடாது.

பை, ஆசனம், கால்கள் யாவும் சேர்ந்து ஒன்றரைக் கிலோவைத் தாண்டக்கூடாது என்பது நமது கருத்து. ஓய்வுக்கான கருவி தானே ஒரு சுமையாகிவிட்டால், இரண்டாம் நாளே அது வீட்டு மூலைக்குப் போய்விடும். இப்பை பத்துக் கிலோ அளவிலான சரக்குக்கே உரியது. மூட்டை சுமப்பவரின் பிரச்சினையை இது தீர்க்காது. ஆடவர் ஒருவர் சுமப்பது 55 கிலோவுக்கு மேற்பட்டால் அதைக் குறைக்க வேண்டுமென்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-ஆம் ஆண்டிலேயே பரிந்துரை செய்தது. அத்தகைய பாரங்களுக்குப் பாதையும் வண்டியுமே பரிகாரம்.

சோதனையும் சங்கமும்

மனிதர் மெதுவாகவே உட்காருவார் என்று நம்பி ஆசனம் செய்தலாகாது. 60 கிலோ எடையுள்ளவர் திடீரென அமர்ந்தால், அக்கணத்தில் ஆசனம் 120 கிலோவுக்குக் குறையாத பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கும். எனவே ஆசனத்தின்மேல் பலகை வைத்து, சரிந்துவிடாதபடி பக்கங்களில் தாங்கல் கொடுத்து, 50 கிலோ மூட்டைகள் மூன்றை ஓர் இரவு ஏற்றிவைத்துப் பார்க்கலாம். மறுநாள் தையல் விட்டிருந்தால் எங்கே விட்டதென்று குறித்துக்கொண்டு திருத்த வேண்டும். நனைத்து, காயவைத்து, மீண்டும் ஒரு முறை இச்சோதனை செய்தல் நலம்.

தனியொருவர் இதைச் செய்து விற்பது கடினம். மலையில் மலைவாழ் மக்களுக்கான பெரும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. சமவெளியில் நெசவாளர் சங்கங்கள் இருக்கின்றன. மூங்கிலும் தேவையும் மேலே; துணியும் தையலும் கீழே. கூட்டுறவுகளிடையே கூட்டுறவு வேண்டும் என்பதைச் சர்வதேசக் கூட்டுறவு ஒன்றியம் 1966-ஆம் ஆண்டில் தன் கொள்கைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. அக்கொள்கை தீர்மானப் புத்தகத்திலிருந்து இறங்கி ஒரு பையின் உருவத்தில் மலையேறினால் மகிழ்ச்சியே. உழைப்பை எளிதாக்கும் கருவியைக் குழுவாக ஏற்று நடத்தும் பழக்கம் கொல்லிமலைப் பெண்களுக்குப் புதியதும் அன்று. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையுடன் அவர்களுடைய சுயஉதவிக் குழுக்கள் சாமை குத்தும் இயந்திரங்களை ஏற்று நடத்தி, உலக்கையின் பாரத்தைக் குறைத்துக்கொண்டதை நாம் அறிவோம்.

விற்பனைக்கும் வழியுண்டு. ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் படிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. ஏறும்போது உட்கார இடம் தேடாத யாத்திரிகர் இல்லை. ஆடிப் பெருக்கின்போது வல்வில் ஓரி விழாவுக்குக் கூட்டம் திரளும். அவர்கள் தரும் விலையில் கிடைக்கும் உபரி, அங்கத்தினர் வாங்கும் விலையைக் குறைக்க உதவலாம். ஆனால் முதலில் அருவிக்கு வருவோரை எண்ணிச் செய்து, பிறகு அங்கத்தினருக்குக் கொடுப்பது தலைகீழான முறையாகும்.

நிர்வாகக் குழுவினருக்கு நமது யோசனை இது. தொடக்கத்தில் பத்துப் பைகளுக்கு மேல் செய்ய வேண்டாம். நூல், நாடா, மூங்கில், கூலி ஆகியவற்றைத் தனித்தனியே கணக்கில் எழுதி அடக்க விலை காணுங்கள். தை மாதம் தொடங்கும் மிளகு அறுவடைக்கு முன் அவற்றைப் பத்துப் பெண்களிடம் ஒப்படையுங்கள். அவர்களில் மூதாட்டியர் சிலரேனும் இருக்கட்டும். சும்மாட்டை விட்டுத் தோள்பட்டைக்கு மாற அவர்களுக்கு மனம் வருகிறதா, மடிக்கவும் விரிக்கவும் கை பழகுகிறதா, எந்த மூலை முதலில் நைகிறது என்பவற்றைப் பருவம் முடியும்வரை குறித்து வாருங்கள். பின்னர் அவர்களையே பொதுக் கூட்டத்துக்கு அழைத்துப் பேசச் செய்யுங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் பத்துப் பைகளோடு நஷ்டம் நிற்கும். வேண்டும் என்றால், எத்தனை தறிகளுக்கு வேலை கிடைக்கும் என்ற கணக்கை அன்றே போட்டுவிடலாம்.