நூறு தடா: ஒரு பாத்திரத்தின் பெயரும் பெருமையும்

மார்கழி 27ஆம் நாள் கூடாரவல்லி. வைணவத் திருக்கோயில்களில் அன்று நெய்யொழுக அக்காரவடிசில் நிவேதனமாகிறது. 'அக்காரம்' என்பது வெல்லம்; 'அடிசில்' என்பது சமைத்த உணவு. இவ்விரண்டையும் அறிந்தவர்களும் 'தடா' என்ற சொல்லில் சற்றே தயங்குவர். இன்றைய இளைஞர் செவியில் அது '144 தடா' என்னும் தடையுத்தரவாகவே ஒலிக்கும்.

பழந்தமிழில் தடா என்பது பெரும்பானை. 'தட' என்னும் உரிச்சொல்லுக்குப் பெருமை, அதாவது பெரிதாதல், என்று தொல்காப்பியம் பொருள் கூறுகிறது. பெரிய கையைத் தடக்கை என்கிறோம். அளவில் பெரிய பானைக்குத் தடா என்ற பெயர் இப்பொருளோடு இயைந்து நிற்கிறது. வீட்டு அடுப்புக்குத் தடா வேண்டியதில்லை. பலருக்கு அன்னமிடும் அடுப்புக்கே அது வேண்டும். இன்று மடைப்பள்ளிகளில் அண்டாவும் தவலையும் கொப்பரையும் அப்பணியைச் செய்கின்றன.

திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும், நூறு தடா நிறைந்த அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டதாக ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் பாடினாள். தடாவின் பொருள் தெரிந்தால்தான் அந்த நேர்த்தியின் அளவு விளங்கும். நூறு கிண்ணமன்று, ஊரே உண்டாலும் எஞ்சும் நூறு பெரும்பானைகள்! வாயால் நேர்ந்ததைக் கையால் செலுத்த அவளுக்கு வாய்க்கவில்லை. பல நூற்றாண்டுகளுக்குப் பின் இராமாநுஜர் அழகர்மலை சென்று அதைச் செலுத்தினார். பின்னர் அவர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எழுந்தருளியபோது, தங்கையின் குறையைத் தீர்த்த தமையனாக அவரை ஏற்று, 'கோயில் அண்ணன்' என்று ஆண்டாள் அழைத்தாள் என்பது குருபரம்பரை கூறும் செய்தி.

தடாவுக்கு உறவான மற்றொரு சொல் தாழி. 'தாழ்' என்பதனடியாகப் பிறந்து ஆழமுடைய பாண்டத்தைக் குறிப்பது. நம் தூத்துக்குடி மாவட்டத்து ஆதிச்சநல்லூரில், தாமிரபரணிக் கரை மேட்டில், 1876இல் ஜாகோரும் 1899 முதல் அலெக்சாண்டர் ரீயும் அகழ்ந்தபோது வெளிப்பட்டவை முதுமக்கள் தாழிகள். தயிர் கடையும் பாண்டமும் தாழியே. இறந்தோரைத் தாங்கிய பாண்டமும் தாழியே.

அந்த மேட்டிலிருந்து சிறிது தொலைவிலேயே உள்ளது திருக்கோளூர். நவதிருப்பதிகளுள் ஒன்று, மதுரகவியாழ்வார் அவதரித்த தலம். வைத்தமாநிதிப் பெருமாள் இங்கு மரக்காலைத் தலைக்கு அணையாகக் கொண்டு சயனித்திருக்கிறார். இவ்வூர்ப் பெண்பிள்ளை இராமாநுஜரிடம் விண்ணப்பித்த 81 வார்த்தைகளில் ததிபாண்டனும் இடம்பெறுகிறான். ததி என்றால் தயிர். பாண்டம் என்றால் பானை. அவன் பெயரே தயிர்ப்பானைதான்!

யசோதைக்கு அஞ்சி ஓடிவந்த கண்ணனைத் தன் பெரும்பானைக்குள் ஒளித்து, "இங்கே இல்லை" என்றான் ததிபாண்டன். பின்னர் வெளியே விடுமாறு கண்ணன் கேட்டபோது, "எனக்கு மோட்சம் தந்தால்தான் விடுவேன்" என்றான். அத்தோடு நில்லாமல், "என் தாழிக்கும் தரவேண்டும்" என்று மன்றாடினான். கண்ணனும் இசைந்தான். அறிவில்லாத மண்பாண்டம் செய்த தவம் யாது? பகவானுக்குச் சிறிது பொழுது இடம் கொடுத்தது; அவ்வளவே.

வரும் கூடாரவல்லியன்று மடைப்பள்ளி வாசலில் நிற்கும்போது, ஆவி பறக்கும் அந்த அண்டாவைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். "ஆண்டாள் இதைத் தடா என்றாள்" என்று சொல்லிக்கொடுங்கள். பிரசாதத்துடன் ஒரு தமிழ்ச் சொல்லும் அவர்கள் கைக்குச் சேரட்டும்.