படலைக்கு வரும் படிவம்

ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் ஆலயத்தில் தீர்த்தமாட வருகிறவர்களுக்கு அமிர்தகழி ஒரு திருவிழா ஊர். கடைகளைக் கழற்றிக்கொண்டு எல்லோரும் போன பின்னர் அங்கேயே வாழ்கிறவர்களுக்கு அது வாவிக்கரை ஊர். தோணியும் வலையும் நம்பிய வீடுகள், விடியுமுன் இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுக்கும் வீடுகள், தையல் மெசின் ஓடினால்தான் உலை கொதிக்கும் வீடுகள் அங்கே உண்டு.

இப்படிப்பட்ட வீடுகளின் படலைக்கு எத்தனையோ படிவங்கள் வந்து போயிருக்கின்றன. இடம்பெயர்ந்தோர் பதிவு, நிவாரணப் பதிவு, சுனாமிப் பதிவு, சமுர்த்திப் பதிவு, கடைசியாக அஸ்வெசுமப் பதிவு. போர்க்காலத்தில் பெயர்ப் பட்டியல் என்றாலே பயமாக இருந்தது. பட்டியலில் பெயர் இருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும் பயம். இன்றும் ஒருவர் பேனாவும் கோவையுமாக வந்து நின்றால் எம்மில் பலருக்கு மனம் ஒருமுறை திடுக்கிடத்தான் செய்கிறது.

அப்படி வருகிறவருக்கும் வீட்டுக்காரிக்கும் இடையில் நடக்கும் பேச்சு நாம் எல்லோரும் அறிந்ததே.

"அம்மா, வீட்டுக்காரர் என்ன தொழில்?"

"அவரக் காணல்ல மகள். தொண்ணூறாம் ஆண்டிலருந்து காணல்ல."

"அப்ப விதவை எண்டு போடவா?"

"அப்பிடிப் போடாதீங்க மகள்."

பேனா அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. திருமணமானவர், விதவை, விவாகரத்தானவர், பிரிந்து வாழ்பவர் என்றுதான் பெரும்பாலான படிவங்களில் கட்டங்கள் இருக்கின்றன. காணாமல் போனவரின் மனைவிக்கு அவற்றில் இடமில்லை.

இந்தக் கேள்விகளை யார் தயாரிக்கிறார்கள்? அதற்கு எந்தப் பணம் செலவாகிறது? எமது பதில்கள் எங்கே போகின்றன? உதவிப் பணத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அந்த உதவி யாருக்கு என்பதைத் தீர்மானிக்கும் ஆய்வுகளைப் பற்றிப் பேசுவது குறைவு.

உணவு முத்திரை தந்த பாடம்

எமது தாய்மாருக்கு உணவு முத்திரை நினைவிருக்கும். இலங்கையில் 1942 ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், பங்கீட்டு அரிசி தொடங்கியது. 1978 இல் அது குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டுமென மட்டுப்படுத்தப்பட்டது. 1979 இல் அரிசிப் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. முத்திரையில் எழுதியிருந்த தொகை அப்படியே இருக்க, கடையில் விலை ஏறிக்கொண்டே போனது.

இந்த மாற்றத்தால் குடும்பங்களுக்கு என்ன நடந்தது என்பது எப்படித் தெரிய வந்தது? மத்திய வங்கி 1978/79 இலும் 1981/82 இலும் வீடு வீடாக ஆய்வு நடத்தியிருந்தது. இரண்டையும் ஒப்பிட்டபோது, ஆக வறிய ஐந்திலொரு பங்கு மக்கள் உண்ட உணவின் சக்தி அளவு குறைந்திருந்தது தெரிந்தது. அந்த ஒப்பீட்டைச் செய்த விரிவான ஆய்வு 1987 இல்தான் வெளிவந்தது. அதற்குள் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள்.

ஆய்வு இல்லாதிருந்தால் அந்தப் பசி எந்தக் கணக்கிலும் ஏறியிராது. ஆய்வு பிந்தி வந்ததால் அந்தப் பிள்ளைகளுக்கு அது உதவவுமில்லை. நலன்புரித் திட்டத்தை மாற்றும்போதே அதன் விளைவை ஆராயவும் அரசு பணம் ஒதுக்கவேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

எம்மை எண்ணாத ஆண்டுகள்

எமது நாட்டில் குடும்பங்களின் வாழ்க்கைத் தரத்தை அளப்பதற்கு அரசு நடத்தும் முக்கியமான ஆய்வு, குடிசன மதிப்பீட்டு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் வீட்டு வருமான, செலவின ஆய்வு ஆகும். பொதுமக்கள் வரிப்பணத்தில் நடப்பது அது. சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரி கொடுக்கும் எமது பணமும் அதில் உண்டு.

ஆனால் 1990/91, 1995/96, 2002 ஆகிய ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளில் வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை. போர் அதற்குக் காரணம். 2001 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடும் 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக நடந்தது. மட்டக்களப்பு அவற்றுள் ஒன்றல்ல. சமுர்த்தித் திட்டம் 1995 இல் வந்தபோதும், 2002 ஆய்வை வைத்து உத்தியோகபூர்வ வறுமைக்கோடு வகுக்கப்பட்டு 2004 இல் வெளியிடப்பட்டபோதும், எமது வீட்டுச் செலவு அந்தக் கணக்குகளில் இருக்கவில்லை. வறுமைக்கு நாடு கோடு கீறியபோது, வறுமை மிகுந்திருந்த இடங்கள் வெளியே இருந்தன.

நாடு முழுவதையும் உள்ளடக்கிய ஆய்வு 2012/13 இல்தான் சாத்தியமாயிற்று. அப்போது முழு நாட்டிலும் வறுமை 6.7 வீதம், மட்டக்களப்பு மாவட்டத்தில் 19.4 வீதம். ஏறக்குறைய மூன்று மடங்கு. எண்ணிப் பார்த்த பிறகுதான் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது.

22 குறிகாட்டிகளும் ஒரு கல்வீடும்

2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டம் பல ஆண்டுகள் கிடப்பில் இருந்து, பின்னர் அதன்கீழ் நலன்புரி நன்மைகள் சபை அமைக்கப்பட்டது. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர், 2023 யூலையிலிருந்து அஸ்வெசும நடைமுறைக்கு வந்தது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்துக்கள், வீட்டு வசதி, குடும்ப அமைப்பு என்னும் ஆறு தலைப்புகளின்கீழ் 22 குறிகாட்டிகளால் குடும்பங்கள் அளக்கப்பட்டன. தொடக்கத்தில் வறியவர்களுக்கு மாதம் 8,500 ரூபாவும் மிக வறியவர்களுக்கு 15,000 ரூபாவும் வழங்கப்பட்டன. 2025 சனவரியிலிருந்து இவை 10,000, 17,500 ரூபாவாக உயர்த்தப்பட்டன.

விதானையாரின் தயவிலும் அரசியல்வாதியின் சிபார்சிலும் தங்கியிராமல், எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்பது நல்ல நோக்கம்தான். ஆனாலும் பட்டியல் வெளிவந்ததும் நாடெங்கும் இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன. அளவுகோல் ஒன்றாக இருந்தாலும் அளக்கப்படும் வாழ்க்கை ஒன்றல்லவே.

சுனாமிக்குப் பிறகோ போருக்குப் பிறகோ யாரோ கட்டிக் கொடுத்த கல்வீட்டில் இருக்கும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். சுவர் சீமெந்து, கூரை ஓடு. படிவத்துக்கு அது வசதியான வீடு. அலுமாரிக்குள் இருக்கும் அடகுச் சீட்டு படிவத்துக்குத் தெரியாது. கிழமைதோறும் நுண்கடன் தவணைக்காக ஒருவர் வந்து படலையைத் தட்டுவதும் தெரியாது. அந்த ஆறு தலைப்புகளுள் கடன் என்றொரு தலைப்பு இல்லை.

மாற்றத்தோடு சேர்ந்தே ஆய்வும்

வெளிநாட்டு உதாரணம் ஒன்றையும் பார்க்கலாம். அமெரிக்காவில் 1996 இல் வறிய தாய்மாருக்கான உதவித் திட்டம் பெரிதாக மாற்றப்பட்டது. மத்திய அரசின் பணத்தில் உதவி பெறுவதற்கு, வாழ்நாளில் மொத்தம் ஐந்து ஆண்டுகள் என்று எல்லை வைக்கப்பட்டது. மிகக் கடுமையான சட்டம் என்று அதனைக் கண்டித்தவர்கள் பலர். ஆனால் அதே சட்டத்தில், 1996 முதல் 2002 வரை ஆண்டுக்கு 1 கோடி டொலர் குடிசன மதிப்பீட்டுப் பணியகத்துக்கு ஒதுக்கப்பட்டது. மாற்றத்துக்கு உட்பட்ட குடும்பங்களைத் தொடர்ந்து பின்பற்றி, அவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்ன நடக்கிறது என்று பார்ப்பதே அதன் நோக்கம்.

சட்டம் நல்லதா கெட்டதா என்பது வேறு விடயம். உதவியைக் குறைத்தால் அதன் விளைவைக் கணக்கிடும் பொறுப்பும் அரசுக்கு உண்டு என்பதை அச்சட்டம் ஏற்றுக்கொண்டது. நாம் கேட்கவேண்டியதும் இதைத்தான். அஸ்வெசும கிடைத்தவர்களை மட்டும் எண்ணினால் போதாது. சமுர்த்தி பெற்றிருந்து, புதிய பட்டியலில் விடுபட்ட குடும்பங்கள் இப்போது எத்தனை வேளை சாப்பிடுகின்றன? அந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா? தாய் மத்திய கிழக்குக்குப் போய்விட்டாளா? இவற்றைத் தேடிப் பார்க்கவும் பணம் ஒதுக்கப்படவேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

அதுவரை சும்மா இருக்கத் தேவையில்லை. படிவத்துடன் வருகிறவரிடம் முதலில் நாமே கேட்கலாம்: இது எதற்காக, எந்த அலுவலகத்திலிருந்து, பதில் யாரிடம் போகும்? கேட்பது மரியாதைக் குறைவல்ல. எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். திகதியையும் இலக்கத்தையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கடனைச் சொல்ல வெட்கப்படவேண்டாம். கட்டம் இல்லாவிட்டால் குறிப்பாக எழுதும்படி கேளுங்கள்.

முடிவு பிழையென்று தோன்றினால், அறிவிக்கப்படும் காலத்துக்குள் எழுத்தில் மேன்முறையீடு செய்யுங்கள். எமது குடும்பத்தைப் பற்றி என்ன பதியப்பட்டுள்ளது என்பதை, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவைத் தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் அறிவிக்கவேண்டும்.

காணாமல் போனவர்களின் மனைவியருக்கு இன்னொரு விடயம். கணவர் இறந்துவிட்டார் என்று கையெழுத்திட மனம் இடம்கொடுக்காதவர்கள், 2016 இல் வந்த சட்டத்திருத்தத்தின்படி காணக்கிடைக்காமைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். தேடலைக் கைவிடாமலே அலுவலகங்களில் காட்டக்கூடிய ஒரு பத்திரம் அது.

மாதர் சங்கங்களும் ஒரு சிறிய வேலை செய்யலாம். கிராமத்தில் உதவி விடுபட்ட குடும்பங்கள் எத்தனை, அவற்றுள் பெண் தலைமை தாங்குபவை எத்தனை, கடன் எவ்வளவு என்று, சம்மதிப்பவர்களிடம் மட்டும் கேட்டு, பெயர்களை வெளியிடாமல் ஒரு கொப்பியில் சேர்த்துப் பிரதேச செயலகத்தில் கொடுக்கலாம். தனி ஒருத்தி சொன்னால் அது புலம்பல் என்று தள்ளப்படும். நாற்பது வீடுகளின் கணக்கை அப்படித் தள்ளுவது கடினம்.

"அவரக் காணல்ல மகள்" என்பது ஒரு பதில். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பது முழுவதும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. அடுத்த முறை படலைக்கு வரும் படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் வேண்டும் என்று கேட்போம்.