சுத்தியலைத் தேடினார், புதையல் கிடைத்தது

தில்லிவாசிகளுக்கு மெட்டல் டிடெக்டரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மெட்ரோ ரயிலுக்குப் போனாலும், சினிமாவுக்குப் போனாலும் அதன் சட்டத்துக்குள் நுழைந்துதான் வெளியே வருகிறோம். சாவிக்கொத்துக்கும் அது கத்தும், பெல்ட் கொக்கிக்கும் கத்தும். அதே கருவியை ஒரு நீண்ட கழியின் நுனியில் தட்டுப் போல மாட்டி, காதில் ஹெட்போன் வைத்துக்கொண்டு, விடுமுறை நாட்களில் வயலிலும் தோப்பிலும் பூங்காவிலும் தரையைத் தடவியபடி நடப்பவர்கள் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தூண்டில் போட்டு மீன் பிடிப்பதைப் போல இதுவும் அங்கே ஒரு பொழுதுபோக்கு. இவர்கள் தேடுவது பழைய நாணயங்களையும், மண்ணுக்குள் போன பழங்காலப் பொருள்களையும்.

கருவியின் வேலை எளிதானதுதான். தட்டுக்குள் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் ஓடும் மாறுதிசை மின்சாரம் தரைக்குள் ஒரு காந்தப் புலத்தை அனுப்புகிறது. வழியில் உலோகம் இருந்தால் அதற்குள்ளும் சிறு மின்னோட்டம் சுழலும். அது எழுப்பும் எதிர்ப்புலத்தைப் பிடித்துக் கருவி ஒலியாக மாற்றிக் காதில் சொல்கிறது. இரும்புக்கு ஒரு கரகரத்த குரல், வெள்ளிக்கும் செம்புக்கும் கணீரென்ற குரல். தங்கத்தில்தான் தகராறு. மெல்லிய தங்க மோதிரமும், குளிர்பான டின்னின் மூடியை இழுக்கும் வளையமும் ஏறக்குறைய ஒரே சுருதியில் பேசுகின்றன! பூங்காக்களில் தேடுபவர் நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்து பொறுக்குவது பெரும்பாலும் இந்த வளையங்களைத்தான். ஒரு நாணயம் ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே போய்விட்டால் சாதாரணக் கருவிக்கு எட்டுவது கடினம்.

இதற்கு ஒரு பரம்பரையும் உண்டு. 1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்ட் சுடப்பட்டபோது, உடலில் தங்கிய குண்டைக் கண்டுபிடிக்க, டெலிபோன் கண்ட கிரஹாம் பெல் இப்படி ஒரு கருவியைச் செய்து எடுத்துக்கொண்டு ஓடினார். கட்டில் மெத்தையில் இருந்த எஃகுச் சுருள்கள் குழப்பிவிட்டன. குண்டு அகப்படவில்லை, ஜனாதிபதியும் பிழைக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் கண்ணிவெடிகளைத் தேடப் போலந்துப் பொறியாளர் கொசாட்ஸ்கி அமைத்த கருவி பிரிட்டிஷ் படைக்குப் பெரிதும் உதவியது. போர் முடிந்ததும் மிஞ்சிய கருவிகள் பொதுமக்கள் கைக்கு வந்தன. பொழுதுபோக்கு அங்கிருந்துதான் வளர்ந்தது.

இனி சுத்தியல் கதைக்கு வருவோம். 1992 நவம்பர் 16 அன்று இங்கிலாந்தின் சஃபோக் வட்டாரத்தில் ஹாக்ஸன் என்ற கிராமத்தில், ஒரு விவசாயி வயலில் தன் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். டிடெக்டர் வைத்திருந்த நண்பர் எரிக் லாஸ் தேடிக் கொடுக்க வந்தார். கருவி கத்திய இடத்தில் தோண்டினால் வெள்ளிக் கரண்டிகள், தங்கச் சங்கிலி, நாணயங்கள்! இந்த இடத்தில்தான் அந்த மனிதர் ஒரு பெரிய காரியம் செய்தார்: தோண்டுவதை நிறுத்தினார். தகவல் கொடுத்தார். மறுநாள் தொல்லியல் துறையினர் வந்து அங்குலம் அங்குலமாக எடுத்தார்கள். சுமார் 15,000 ரோமானியத் தங்க, வெள்ளி நாணயங்களும், 200 அளவில் நகைகளும் பாத்திரங்களும் கிடைத்தன. அவர் ஆசைப்பட்டு எல்லாவற்றையும் வாரிச் சாக்கில் போட்டிருந்தால், எது எதன் மேல் இருந்தது, எது எந்தப் பெட்டிக்குள் இருந்தது என்பதெல்லாம் அந்த நிமிடமே அழிந்திருக்கும். மக்கிப்போன மரப்பெட்டியின் வடிவத்தையே, பொருள்கள் கிடந்த வரிசையை வைத்து அறிஞர்கள் மீட்டெடுத்தார்கள். அரசு கொடுத்த வெகுமதி பதினேழரை லட்சம் பவுண்டு. லாஸ் அதைச் சுத்தியலைத் தொலைத்த விவசாயி நண்பரோடு பங்கிட்டுக்கொண்டார். சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்துக்குச் சொந்தம்.

அந்தப் புதையலில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பொருள் உண்டு. நான்கு வெள்ளி மிளகுச் சிமிழ்கள். ஒன்று ஒரு சீமாட்டியின் உருவத்தில், அடியில் திருகினால் மூடவும் தூவவும் ஆகும்படி இருக்கிறது. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஒரு செல்வர் வீட்டில், மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்து மிளகுக்கு இவ்வளவு மரியாதை! முசிறித் துறையில் யவனர் பொன்னைக் கொடுத்து மிளகு ஏற்றிச் சென்றதைச் சங்கப் பாடல் சொல்கிறது. அப்படி வந்த பொன்னில் ஒரு குடம் 1898இல் புதுக்கோட்டைச் சீமையில் அகப்பட்டது. 501 ரோமானியத் தங்கக் காசுகள். பெரும்பாலானவற்றில் மன்னன் முகத்தின் மேல் உளியால் வெட்டியிருக்கிறார்கள். ஏன் வெட்டினார்கள் என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். காசுகள் சிதறாமல் ஒரே கூட்டமாகக் கிடைத்ததால்தான் அந்தக் கேள்வியே பிறந்தது. ஒன்றிரண்டு மட்டும் கடைக்கு வந்திருந்தால் ‘காயம்பட்ட காசு’ என்று விலையைக் குறைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

ஆங்கிலேயர் நம்மைவிட நேர்மையானவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களுடைய சட்டம் நேர்மையாக இருப்பவனுக்கு நஷ்டம் வராமல் பார்த்துக்கொள்கிறது. 1996இல் இயற்றப்பட்ட புதையல் சட்டப்படி, 300 ஆண்டுக்கு மேற்பட்ட தங்க, வெள்ளிப் பொருள் கிடைத்தால் 14 நாளுக்குள் ‘கொரோனர்’ என்ற அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். சந்தேக மரணங்களை விசாரிப்பவரும் இவரேதான்! மியூசியம் அதை விரும்பினால் சந்தை விலை கொடுக்க வேண்டும். அந்தத் தொகை கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பொதுவாகச் சரிபாதி. புதையல் அல்லாத சின்னஞ்சிறு பொருளையும் பதிவு செய்துகொள்ள 1997இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். இதுவரை பதிவானவை 15 லட்சத்துக்கும் மேல். நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் தேடக்கூடாது; பூங்காவானால் நகராட்சியின் அனுமதி வேண்டும்; பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பக்கம் கருவியோடு போவதே குற்றம். சட்டத்தில் ஓட்டையும் இருந்தது. 2010இல் அகப்பட்ட ஓர் அருமையான ரோமானிய வெண்கலத் தலைக்கவசம், தங்கமும் வெள்ளியும் அல்ல என்பதால் புதையலாகாமல் ஏலத்தில் தனியார் கைக்குப் போயிற்று. 2023இல்தான் அந்த ஓட்டையை அடைத்தார்கள்.

சட்டம் இருந்தும் மீறுபவர்கள் அங்கும் உண்டு. 2015இல் ஹெர்ஃபோர்ட்ஷயரில் இருவர் வைக்கிங் காலப் புதையல் ஒன்றைத் தோண்டி, நிலத்துக்காரருக்கும் சொல்லாமல் அரசுக்கும் சொல்லாமல் விற்கத் தொடங்கினார்கள். செல்போனில் அழித்த படங்களைப் போலீஸார் மீட்டுப் பார்த்தபோது, சுமார் 300 நாணயங்கள் இருந்திருக்கலாம் என்று தெரிந்தது. முதலில் மீட்க முடிந்தது முப்பது அளவில்தான். பின்னர் இன்னும் சில பிடிபட்டன. ஆல்ஃபிரட் மன்னரையும், வரலாற்று ஏடுகள் ஒரு பொருட்டாக மதிக்காத அண்டை நாட்டு மன்னரையும் சரிசமமாக உட்கார்த்திக் காட்டும் நாணயங்கள் அதில் இருந்தன. இருவருக்கும் 2019இல் 10 ஆண்டும் எட்டரை ஆண்டும் சிறை என்று தீர்ப்பாயிற்று, மேல்முறையீட்டில் குறைந்தது. உள்ளதைச் சொல்லியிருந்தால் பெரிய தொகையில் அவர்களுக்கும் பங்கு கிடைத்திருக்கும். மீதி நாணயங்கள் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

நம் நாட்டில் நிலைமை எப்படி? புதையல் என்றால் இங்கே டிடெக்டரைவிடக் கனவுக்குத்தான் மதிப்பு. 2013 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்து உன்னாவ் மாவட்டத்தில், ஒரு சாமியார் ஆயிரம் டன் தங்கம் இருப்பதாகக் கனவு கண்டார் என்று தொல்லியல் துறையே மண்வெட்டியோடு இறங்கியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்துக்குக் கடைகள்கூட முளைத்தன. பானை ஓடுகளும் வளையல் துண்டுகளும் கிடைத்தன. தொல்லியலாருக்கு அதுவும் செல்வம்தான்; கூட்டம் கலைந்துவிட்டது.

ஆனால் 1946 பிப்ரவரியில், பரத்பூரை அடுத்த பயானா பக்கம் உண்மையாகவே தங்கம் கிடைத்தது. மகாராஜாவின் வேட்டைக் கூட்டம் போன பிறகு, காலித் தோட்டாக்களைப் பொறுக்க வந்த கிராமத்துச் சிறுவர்கள் ஒரு செப்புக் குடத்தைக் கண்டார்கள். உள்ளே குப்தர் காலத்துத் தங்க நாணயங்கள், இரண்டாயிரத்துக்கு மேல். செய்தி அரண்மனைக்கு எட்டுவதற்குள் சில நூறு காசுகள் உருகிவிட்டன. மீட்கப்பட்டவை 1,821. அறிஞர் அல்தேகர் அவற்றை ஆராய்ந்து பட்டியலிட்டார். குப்த மன்னர்களின் நாணய வரலாற்றுக்கு இதற்கு இணையான புதையல் வேறு இல்லை. நம் தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் அவற்றில் சிலவற்றைப் பார்க்கலாம். உருகிய காசுகளில் என்ன இருந்தது? வேறெங்கும் இல்லாத ஒரு வகை இருந்திருந்தால்கூட அது இப்போது யார் கையிலோ வளையலாக இருந்திருக்கும்.

கிராமத்தாரைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் புதையல் சட்டம் 1878இல் வந்தது. பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் எது கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்கிறது அது. உரிமையாளர் யாரும் வராவிட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அரசு அதை எடுத்துக்கொள்ள நினைத்தால், கொடுக்க வேண்டியது அந்தப் பொருளில் உள்ள உலோகத்தின் விலையும், அதில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலும் மட்டுமே. இரண்டாயிரம் ஆண்டுப் பழைய செப்புக் காசுக்குச் செம்பு விலை! பிறகு யார்தான் தாலுகா ஆபீஸ் படியேறுவார்கள்? என் அபிப்பிராயத்தில் முதலில் மாற வேண்டியது இந்த ஒரு பிரிவுதான்.

கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்துக் காசு பொறுக்கியவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் வியாபாரிகளுக்கு விற்றதால்தான் சில காசுகளாவது தப்பின. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி அப்படி வந்தவற்றை விடாமல் சேகரித்து ஆராய்ந்ததால், ‘மாக்கோதை’ என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த சேரர் வெள்ளிக் காசு உலகுக்குத் தெரிந்தது. ‘பெருவழுதி’ என்ற பாண்டியன் பெயர் தாங்கிய காசையும் அவரே வெளிப்படுத்தினார். பாட்டில் மட்டும் வாழ்ந்த மன்னர்களுக்கு உலோகத்தில் சாட்சி கிடைத்தது. எழுத்து தேய்ந்துபோனது என்று பாத்திரக்காரருக்கு எடைக்குப் போனவை எத்தனை என்று கணக்கில்லை.

வெளியூரில் சம்பாதித்து ஊரில் வீடு கட்டுபவர்கள் நம்மில் அநேகர். அஸ்திவாரம் தோண்டும்போதோ, கிணறு தூர்வாரும்போதோ ஒரு கலயம் தட்டுப்பட்டால், கொத்தனாரை அதோடு நிறுத்தச் சொல்லுங்கள். கலயம் இருந்த இடத்தையும் ஆழத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கலெக்டருக்கு எழுதும் கடிதத்தில் பொருளின் விவரம், தோராய மதிப்பு, கிடைத்த இடம், தேதி நான்கும் இருக்க வேண்டும். பொருளை அருகிலுள்ள அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்கலாம், அல்லது கேட்கும்போது கொண்டுவருவதாகப் பிணை கொடுக்கலாம். அறிவிக்காமல் மறைத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. மாவட்ட அருங்காட்சியகத்துக்கும் ஒரு நகல் அனுப்பிவிடுங்கள். கர்நாடகத்தில் நிலம் உள்ளவர்களுக்கு அந்த மாநிலத்தின் தனிச் சட்டம் பொருந்தும்.

வீட்டுப் பெண்மணிகளுக்கு ஒரு வேண்டுகோள். காசு பச்சை பிடித்திருக்கிறதே என்று தயவுசெய்து புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். அந்தப் பச்சைக்கு அடியில்தான் மன்னன் பெயர் இருக்கிறது.