நின்றுபோன ஒரு சம்பள ஏற்றம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கடலிற் கிடக்கும் தீவுகளில், மண்ணை மட்டும் நம்பி வாழ்வது என்றுமே எளிதாக இருந்ததில்லை. ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய எவ்விடத்தை எடுத்துக்கொண்டாலும் பல கிணறுகளில் நீர் உவர்ப்பு. மாரி மழையை நம்பிய ஒரு போகப் பயிர். எஞ்சியது பனையும் கடலுமே. ஆகவே வீட்டுக்கு ஒருவராவது வெளியேறிப் பிழைக்க வேண்டியிருந்தது. ஒரு சாரார் தென்னிலங்கை நகரங்களிற் கடை வைத்தனர். மற்றொரு சாரார் பள்ளிக்கூடத்தைப் பற்றிக்கொண்டு அரசாங்க உத்தியோகத்துக்குப் போயினர். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்று அப்பகுதியார் சொல்வது வெறும் வேடிக்கைப் பேச்சன்று. கொழும்பிலோ கண்டியிலோ ஒரு கந்தோரில் எழுதுவினைஞராக இருந்த மகன் மாதந்தோறும் அனுப்பிய காசுக்கட்டளையை எதிர்பார்த்தே தீவில் அடுப்பு எரிந்த வீடுகள் பல.

இத்தகைய குடும்பத்திற்குச் சம்பள ஏற்றம் என்பது எத்துணைப் பெரிய பொருள் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை சம்பளத்தோடு சேரும் சிறு தொகை அது. தங்கையின் சீதனமும் தம்பியின் படிப்பும் அதைக் கணக்கிலெடுத்தே தீர்மானிக்கப்பட்டன. அந்தச் சிறு தொகையை நிறுத்தியதனால் எழுந்த வழக்கொன்று இலங்கையின் அரசியலமைப்பையே கேள்விக்குள்ளாக்கியது. வேலையிற் காட்டப்படும் வேற்றுமையை எதிர்த்து வழக்காடும் சட்டத்தரணியின் தொழில் எத்தகையது என்பதை அறிய விரும்புவோர் முதலில் நோக்க வேண்டியது அவ்வழக்கையே.

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. அதற்கு முன் ஆங்கிலத்திற் பரீட்சை எழுதி, ஆங்கிலத்தில் வேலை செய்வதற்கென்றே நியமனம் பெற்ற தமிழ் உத்தியோகத்தர் ஆயிரக்கணக்கில் இருந்தனர். 1961ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் திறைசேரி தனது 560ஆம் இலக்கச் சுற்றறிக்கையை வெளியிட்டது. சிங்கள மொழித் தேர்ச்சிப் பரீட்சையிற் சித்தியடையாத உத்தியோகத்தரின் சம்பள ஏற்றம் நிறுத்தப்படும் என்பது அதன் சாரம். 1952 முதல் எழுதுவினைஞர் சேவையிலிருந்த செல்லையா கோடீஸ்வரன் அந்தப் பரீட்சைக்குத் தோற்றவில்லை. அவரது ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் 1962இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்திற் சட்டமா அதிபர் மீது வழக்குத் தொடுத்தார். இராணி வழக்கறிஞர் சி. ரங்கநாதன் அவருக்காகத் தோன்றினார்.

இவ்விடத்தில் சற்றே தங்கி நோக்க வேண்டும். சிங்களம் மட்டும் சட்டத்தைக் கண்டித்துப் பாராளுமன்றத்திலே பேச்சுகள் நிகழ்ந்தன. வெளியே சத்தியாக்கிரகம் நடந்தது. அவற்றுக்கு உரிய இடம் உண்டு. ஆனால் நீதிமன்றம் ஓர் இனத்தின் மனக்குறையைக் கேட்பதற்கென அமைந்த மன்றமன்று. குறித்த ஒருவருக்கு, குறித்த நாளில், குறித்த நட்டம் விளைந்தது என்று காட்டினாலன்றி அதன் கதவு திறவாது. கோடீஸ்வரனின் சட்டத்தரணிகள் கையில் வைத்திருந்த திறவுகோல் கொடுபடாத அந்த ஏற்றமே. ஏற்றம் தரப்பட வேண்டுமா என்று கேட்டால், சுற்றறிக்கை செல்லுமா என்று நீதிபதி பார்க்க வேண்டும். சுற்றறிக்கை செல்லுமா என்று பார்க்க, அதற்கு ஆதாரமான சட்டம் செல்லுமா என்று பார்க்க வேண்டும். சில ரூபாய்க் கணக்கிலிருந்து ஒரு நாட்டின் மொழிச் சட்டம் வரை படிப்படியாக ஏறிச் செல்லும் வழி இது. இதைக் காண்பதே அத்தொழிலின் முதற்றிறமை.

அக்காலத்து அரசியலமைப்பின் 29ஆம் பிரிவே அவர்களது ஆதாரம். ஒரு சமூகத்தாருக்கோ சமயத்தாருக்கோ மற்றவர்க்கில்லாத இடையூற்றை விதிக்கும் சட்டத்தையும், மற்றவர்க்கில்லாத சலுகையை அளிக்கும் சட்டத்தையும் பாராளுமன்றம் ஆக்கலாகாது என்றும், ஆக்கினால் அந்த அளவிற்கு அது வெறிதாகும் என்றும் அப்பிரிவு கூறிற்று. ஆனால் பாதை முள்ளற்றதன்று. மலையகத் தமிழரின் வாக்குரிமை பற்றிய கோடகன் பிள்ளை வழக்கில், 1953ஆம் ஆண்டு, இலண்டனிலிருந்த கோமறைக் கழகம் அதே 29ஆம் பிரிவை எடுத்துக்கூறியவர்களைத் தோல்வியுறச் செய்திருந்தது. குடியுரிமைச் சட்டம் எந்தச் சமூகத்தின் பெயரையும் சொல்லவில்லை என்பது அத்தீர்ப்பில் முக்கிய இடம் பெற்றது. எனினும் நேராகச் செய்யக்கூடாததைச் சுற்றுவழியிற் செய்வதும் கூடாது என்ற கொள்கையை அத்தீர்ப்பு மறுத்துவிடவில்லை. அந்தச் சிறு இடைவெளியே பின்வந்தோர்க்கு எஞ்சியது.

1964இல் மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிரெட்சர் கோடீஸ்வரனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். அரசகரும மொழிச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரணானது என்பது அவரது முடிபு. மாவட்ட நீதிபதி ஒருவர், தேர்தலில் வென்று வந்த அரசாங்கங்கள் தாங்கிநின்ற ஒரு சட்டத்தை வெறிதென்று எழுதத் துணிந்தது சாதாரணச் செயலன்று.

முடியரசு மேன்முறையீடு செய்தது. அதன் சட்டத்தரணிகள் மொழி விவகாரத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. அரசாங்க ஊழியன் முடியின் விருப்பம் உள்ளவரையே பதவி வகிப்பவன். ஆகவே சம்பளம் கேட்டு முடிமீது வழக்காட அவனுக்கு உரிமையே இல்லை என்ற ஆங்கிலச் சட்ட வாதத்தையும் முன்வைத்தனர். 1967இல் பிரதம நீதியரசர் எச். என். ஜி. பெர்னாண்டோவும் நீதியரசர் ஜி. பி. ஏ. சில்வாவும் இருந்த உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. வழக்காடும் உரிமையே இல்லையென்றால் மொழிச் சட்டம் செல்லுமா என்று ஆராய வேண்டிய தேவையும் இல்லை. பெரிய கேள்வி வாசற்படியிலேயே நிறுத்தப்பட்டது. எதிர்த்தரப்பின் இந்த உத்தியைக் குறைகூறிப் பயனில்லை; அது அவர்கள் தொழில். ஆனால் தன்னுடைய ஊழியனுக்கு நீ சம்பளத்துக்குக்கூட உரியவனல்லன் என்று ஓர் அரசு வாதாடியது, தமிழர் சிங்களவர் என்ற பேதமின்றி எல்லா உத்தியோகத்தரையும் தைத்திருக்க வேண்டிய வார்த்தை.

வழக்கு இலண்டன் சென்றது. 1969ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆந் திகதி டிப்ளொக் பிரபு கோமறைக் கழகத்தின் தீர்ப்பை வழங்கினார். இலங்கையில் வேரூன்றியது உரோமன் டச்சுச் சட்டம். இங்கு அரசாங்க ஊழியர் உழைத்த சம்பளத்துக்காக வழக்காடலாம் என்பது நெடுங்காலமாக ஏற்கப்பட்டு வந்தது. ஆங்கில, ஸ்கொத்லாந்துத் தீர்ப்புகளைக் கொண்டு அதை மாற்ற இயலாது என்று கழகம் கூறிற்று. முடி தன் ஊழியனை விலக்கலாம். ஆனால் அவன் உழைத்துத் தேடிய சம்பளம் அவனுக்குரிய கடன். மொழிச் சட்டம் பற்றிய கேள்வியையோ கழகம் தான் தீர்க்காமல், உயர் நீதிமன்றமே ஆராய்ந்து தீர்க்குமாறு திருப்பி அனுப்பியது.

அக்கேள்வி இன்றுவரை தீர்க்கப்படவில்லை. 1971இல் கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்யும் வழி அடைக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டு மே 22ஆந் திகதி குடியரசு யாப்பு நடைமுறைக்கு வந்தது. அதில் 29ஆம் பிரிவுக்கு இடமில்லை. சிங்களத்தின் நிலையோ யாப்பினுள்ளேயே பதிக்கப்பட்டது. ஆக, பத்தாண்டு வழக்காடியவர்கள் உரிமையை வென்றனர், விடையைப் பெறவில்லை. எனினும் அவர்கள் வென்ற பாதி சிறிதன்று. உழைத்த ஊதியம் பற்றிய அந்தத் தீர்ப்பு, எந்த மொழி பேசும் ஊழியருக்கும் எடுத்துக்காட்டக்கூடிய முன்தீர்ப்பாக நின்றது.

வழக்கு நடைபெற்ற ஆண்டுகளிற் பெரும்பகுதியும், அதாவது 1963 இடைத்தேர்தல் முதல் 1970 வரை, ஊர்காவற்றுறைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றத்தில் இருந்தவர் கரம்பனைச் சேர்ந்த வி. நவரத்தினம். அவரும் சட்டத்தரணி, தமிழரசுக் கட்சியைத் தொடக்கியவர்களுள் ஒருவர், பின்னர் அக்கட்சியை விட்டுப் பிரிந்தவர். தீவுப்பகுதி மக்கள் தமது வழக்கைச் சொல்ல அரசியலில் ஒரு சட்டத்தரணியை அனுப்பிய அதே காலத்தில், மறுபுறத்தில் ஓர் எழுதுவினைஞரின் ஏற்றம் நீதிமன்றப் படிகளில் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. இரண்டனுள் எது விரைந்து பயன் தந்தது என்று கேட்டால், இரண்டும் தாமதித்தன என்றே சொல்ல வேண்டும்.

கோடீஸ்வரன் வழக்கில் விடையின்றி நின்ற கேள்விக்கு ஒத்த ஒன்று, வேறு நாட்டில், வேறு உருவில், விடை பெற்றது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் டியூக் மின்சாரக் கம்பெனியின் நிலையமொன்றிற் கறுப்பின ஊழியர் கூலித் தொழிலாளர் பகுதியிலேயே வைக்கப்பட்டிருந்தனர். வேலையில் இனபேதத்தைத் தடைசெய்யும் 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைகள் சட்டம் வந்தபின், மேலான பகுதிகளுக்கு மாற விரும்புவோர் உயர்தரப் பள்ளிச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும், அல்லது பொது அறிவுத் தேர்வுகளிற் சித்தியடைய வேண்டும் என்று கம்பெனி விதித்தது. விதியில் இனத்தின் பெயர் இல்லை. ஆனால் நெடுங்காலம் தாழ்ந்த பள்ளிகளில் ஒதுக்கிவைக்கப்பட்ட மக்களையே அது பெரிதும் தடுத்தது. வில்லி கிரிக்ஸ் என்பவரும் அவருடன் வேலைசெய்த பன்னிருவரும் வழக்காடினர். ஜாக் கிரீன்பேர்க் அவர்களுக்காக உயர் மன்றத்தில் வாதித்தார். அந்தத் தகுதி வேலைக்கு உண்மையில் வேண்டியது என்று முதலாளி காட்டினாலன்றி, பார்வைக்குச் சமமான விதியும் சட்டவிரோதமே என்று 1971 மார்ச் மாதத்தில் மன்றம் ஏகமனதாகத் தீர்த்தது. மின்நிலையத் தொழிலாளிக்குப் பள்ளிச் சான்றிதழ் எதற்கு என்ற கேள்வியும், ஆங்கிலத்திற் கோவை எழுதச் சேர்ந்த எழுதுவினைஞருக்கு இடைவழியில் வேறொரு பரீட்சை எதற்கு என்ற கேள்வியும் உடன்பிறந்தவை.

இலங்கையில் இன்றுள்ள நிலைமை வேறு. 1978ஆம் ஆண்டு யாப்பின் 12ஆம் உறுப்புரை இனம், சமயம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறந்த இடம் என்பன காரணமாக வேற்றுமை காட்டுவதைத் தடைசெய்கிறது. அதே உறுப்புரை, ஒரு பதவியின் கடமைகளுக்கு நியாயமாக வேண்டப்படும் மொழியறிவை நியாயமான காலத்துள் பெறும்படி ஊழியரைக் கேட்கலாம் என்றும் கூறுகிறது. கோடீஸ்வரனை அறிந்தவர்கள் இவ்வாசகத்தின் ஒவ்வொரு சொல்லையும் கூர்ந்து வாசிப்பார்கள். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 2007ஆம் ஆண்டின் பொது நிருவாகச் சுற்றறிக்கையொன்று, அவ்வாண்டு யூலை முதல் அரச சேவையிற் சேருவோர் தமது மொழியல்லாத மற்றை அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. சுமை இப்போது இரு பக்கத்துக்கும் உரியது. வேற்றுமைக்கும் நியாயமான தகுதிக்கும் நடுவே உள்ள எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

சட்டத்தரணியின் வேலைமுறையும் மாறிவிட்டது. முன்னாளில் கட்சிக்காரரோடு பேசி வழக்கேட்டை ஆயத்தம் செய்பவர் பிறக்கிராசி. மன்றில் எழுந்து வாதிடுபவர் அப்புக்காத்து. 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் இரண்டையும் ஒன்றாக்கியது. கோடீஸ்வரன் வழக்கு மாவட்ட நீதிமன்றிலே விளக்கத்துக்கு எடுக்கப்பட்ட வழக்கு. இன்றைய அடிப்படை உரிமை மனுவிலோ சாட்சிக்கூண்டு இல்லை; சத்தியக்கடதாசிகளும் இணைத்த பத்திரங்களுமே பேசுகின்றன. எனவே பதவியுயர்வு மறுக்கப்பட்ட ஒருவர் வந்தால், அவரது மனவேதனையைக் கேட்டபின் சட்டத்தரணி கேட்பது பத்திரங்களையே: நியமனக் கடிதம் எங்கே, பதவிக்கு அறிவித்த வர்த்தமானி எங்கே, சேவைப் பிரமாணக் குறிப்பு என்ன சொல்கிறது, அதே தகுதியும் அதே சேவைக்காலமும் உடைய வேறொருவர் தெரிவு செய்யப்பட்டாரா? இறுதிக் கேள்வியே உயிர்நிலை. ஒப்பிட ஒருவர் இல்லாமல் வேற்றுமையை நிறுவுதல் கடினம். நேர்முகப் பரீட்சைப் புள்ளிகள் முன்னர் அலுவலகப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தன. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அவற்றைக் கேட்க முடிகிறது.

ஆயினும் இம்மனுவுக்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. அரசின் நிறைவேற்று அல்லது நிருவாகச் செயலுக்கு எதிராக மட்டுமே அது செல்லும். தனியார் கம்பெனியில் வேலை பார்ப்பவர், வேலையிலிருந்து நீக்கப்பட்டால் தொழில் நியாய சபைக்குப் போகலாம். வேலைக்கு எடுக்கும்போதே காட்டப்பட்ட வேற்றுமைக்கு அங்கே மருந்து கிடைப்பதில்லை. மற்றையது காலம். தவறு நடந்து ஒரு மாதத்துள் மனு உயர் நீதிமன்றத்திற்கு வந்துவிட வேண்டும். அம்மன்றம் இருப்பது கொழும்புப் புதுக்கடையில். நெடுந்தீவில் வேலை பார்க்கும் ஓர் உத்தியோகத்தர் படகேறிக் குறிகட்டுவானுக்கு வந்து, பஸ்ஸில் யாழ்ப்பாணம் சேர்ந்து, இரவுப் பயணத்தில் கொழும்பு போக வேண்டும். சோளகம் பலமாக வீசும் நாட்களில் படகு புறப்படுவதே உறுதியில்லை. மேலதிகாரிக்கு முறையீடு எழுதிப் பதிலுக்குக் காத்திருந்தே மாதத்தைக் கழித்துவிடுவோர் பலர். மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் அந்த ஒரு மாதத்துள் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் எடுக்கப்படாது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு கூறுகிறது. ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்திலேயே பிராந்திய அலுவலகம் உண்டு. தீவிலிருந்து காலையிற் புறப்படுபவர் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டுக் கடைசிப் படகுக்குத் திரும்பிவிடலாம்.