இன்ஜின் கடையின் பின்கட்டில்

குமராட்சி கடைத்தெருவில் முன்னால் நின்று பார்த்தால் இது சாதாரணக் கடை. கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பும் மஞ்சளுமாகப் புது இன்ஜின்கள், சாமி படத்துக்கு ஒரு முழம் பூ, கல்லாவில் பில் புக். அதெல்லாம் எல்லாரும் பார்ப்பது. நமக்குப் பின்பக்கப் பட்டறைக்குள்ளேயே போக அனுமதி கிடைத்திருக்கிறது! சம்பா நேரத்தில் வெளியாள் யாரையும் இங்கே விடமாட்டார்கள். வாங்க, தலையைக் குனிந்து வாங்க, மேலே ஓஸ் தொங்குகிறது. தரையில் கழிவு ஆயில், பார்த்துக் கால் வையுங்கள்.

அடடா, என்ன ஒரு குவியல்! பச்சை ஓஸ் சுருள் சுருளாகக் கிடக்கிறது. மூலையில் புட்வால்வுகள் மலை போல. ஹார்லிக்ஸ் பாட்டிலில் வாசர், பழைய பவுடர் டப்பாவில் கிளாம்ப். பழுதுக்கு வந்த ஒவ்வொரு இன்ஜின் கழுத்திலும் அட்டைத் துண்டு கட்டியிருக்கிறது. 'திருநாரையூர் – ஏர் எடுக்குது.' 'லால்பேட்டை – ஸ்டார்ட் ஆகி நிக்குது.' ஆளின் பெயரே கிடையாது, ஊரும் நோவும்தான். இன்னொன்றில் 'அவசரம்' என்று மூன்று தடவை எழுதியிருக்கிறது. "அவசரம்னு எழுதாத அட்டை இந்தக் கடையில உண்டாண்ணே?" என்று உதவியாள் பையன் கேட்க, மேஸ்திரி ஸ்பேனரை வாயில் கவ்வியபடியே சிரிக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு நனைந்திருக்கிறது. காலையில் வைத்த டீ அப்படியே ஆறிப்போய் ஏடு கட்டியிருக்கிறது.

இந்த ஊருக்கு எதற்கு இத்தனை இன்ஜின் என்று தோன்றும். சுற்றிலும் தண்ணீர்தானே? 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரி நிரம்புகிறது, வடக்கு ராஜன் வாய்க்கால் பாய்கிறது. தெற்கே கொள்ளிடம். ஆனால் கடைமடைக்கு வரும்போது வாய்க்காலில் தண்ணீர் கீழே கிடக்கும், வயல் மேலே இருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள அந்தச் சில அடிகளை ஏற்றத்தான் இன்ஜின். ஐப்பசி, கார்த்திகையில் கதை தலைகீழாகும். 2020 டிசம்பரில் புரெவி புயல் மழையில் சிதம்பரம் நடராசர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் நின்றதே, அப்படிப்பட்ட மழை வந்தால் வயலில் மூழ்கிய பயிரைக் காப்பாற்ற அதே இன்ஜினை வைத்துத் தண்ணீரை வெளியே இறைக்க வேண்டும்.

இதோ, ஒரு அக்கா வந்துவிட்டார், பின்னாலேயே அவர் வீட்டுக்காரர். "அஞ்சு எச்பி டீசல் இன்ஜின்தான் வேணும், பெருசா இருந்தா ஒரு கவலையும் இல்ல" என்று வீட்டுக்காரர் ஆரம்பிக்கிறார். மேஸ்திரி குதிரைத்திறனைப் பற்றிப் பேசவே இல்லை. "எத்தனை அடி ஏறணும்?" என்றுதான் கேட்கிறார். வீட்டுக்காரர் கையை இடுப்புக்கு நேரே காட்டுகிறார், பிறகு நெஞ்சுக்கு நேரே. அக்கா பேசாமல் மஞ்சப்பைக்குள் கைவிட்டு ஒரு கயிற்றை எடுக்கிறார். நுனியில் கருங்கல், அங்கங்கே முடிச்சு. "இந்த முடிச்சு இப்ப தண்ணி இருக்கிற மட்டம். இது சித்திரையில இருந்த மட்டம். மேல் முடிச்சு வரப்பு." மேஸ்திரி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்! கயிற்றைத் தரையில் நீட்டி டேப் வைத்து அளக்கிறார். ஆறடி கூட வரவில்லை.

"உங்களுக்கு உயரம் கம்மி, தண்ணிதான் அதிகம் வேணும்" என்று ஒரு சிகரெட் அட்டையின் பின்னால் கணக்குப் போடுகிறார். இங்கே நிலம் காணிக் கணக்கு, ஒரு காணி 1.32 ஏக்கர். ஒரு காணியில் ஒரு அங்குலம் தண்ணீர் நிற்கவே சுமார் 1,36,000 லிட்டர் வேண்டும். 2 அங்குல வாய் உள்ள பெட்ரோல் பம்பு நிமிஷத்துக்கு அதிகபட்சம் 600 லிட்டர் தள்ளும், 3 அங்குலம் 1,000 லிட்டர். மூன்று அங்குலம்தான் என்று முடிவாகிறது. வீட்டுக்காரர் முகத்தில் லேசான ஏமாற்றம். அந்தப் பெரிய டீசல் இன்ஜினை ஆசையோடு ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்கிறார்.

அடுத்தவர் கொள்ளிடக்கரைத் தம்பி. ஆற்றிலிருந்து இறைத்துக் கரைமேல் காய்கறி போடுகிறவர். அவருக்கு அப்படியே நேர்மாறு. உயரம் அதிகம், தண்ணீர் குறைவாக வந்தாலும் போதும். 2 அங்குலமே சரி. ஆனால் இன்ஜினைக் கரைமேல் வைக்கலாமா? "வைக்கவே கூடாது" என்கிறார் மேஸ்திரி. பம்பு தண்ணீரை உறிஞ்சும் என்று நாம் சொன்னாலும், உண்மையில் வெளியே இருக்கும் காற்றுதான் தண்ணீரைக் குழாய்க்குள் அமுக்கி ஏற்றுகிறது. காற்றின் பலம் கணக்குப்படி 10 மீட்டர் சொச்சம். நடைமுறையில் 7 மீட்டரோடு சரி. தள்ளும் பக்கத்தில் அந்த எல்லை கிடையாது. ஆகவே இன்ஜின் தண்ணீருக்குப் பக்கத்தில் கீழே உட்கார வேண்டும். அப்படியானால் வெள்ளம் வரும் ராத்திரியில் ஒரே ஆள் தூக்கிக்கொண்டு மேலே ஓட வேண்டுமே! பெட்ரோல் இன்ஜின் 20 கிலோ சொச்சம்தான். தம்பி உடனே தோளில் ஏற்றிப் பட்டறையைச் சுற்றி ஒரு ஓட்டம். கைதட்டல்!

இனிதான் விருந்தே, பின்னால் சிமெண்ட் தொட்டியில் சோதனை. ஓஸை உள்ளே விட்டு, பம்பு வயிற்றில் தண்ணீர் ஊற்றி, பையன் கயிற்றை இழுக்கிறான். டர்ர்ர்! டெலிவரி ஓஸ் துள்ளி எழுந்து சுவரெல்லாம் தண்ணீர், நம் முகமெல்லாம் தண்ணீர். ஓஸைத் தரையில் பிடித்தால் டிரம் கண்மூடித் திறப்பதற்குள் நிரம்புகிறது. அதையே மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குக் கொண்டுபோனால் வேகம் குறைவது கண்ணால் பார்க்கவே தெரிகிறது. தகட்டில் 'ஹெட் 30 மீட்டர்' என்று போட்டிருந்தால் அந்த உயரத்தில் கொட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த உயரத்தில் தண்ணீர் ஏறி நின்றுவிடும், ஒரு சொட்டு விழாது. 600 லிட்டர் என்பதோ தரைமட்டத்துக் கணக்கு. நம் வயல் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

திருநாரையூர் இன்ஜின் மட்டும் இன்னும் முரண்டு பிடிக்கிறது. உறிஞ்சும் குழாயின் அடியில் இருக்கும் புட்வால்வு கசிகிறது. பெரியவர் ஒருவர் சாணியைக் கரைத்துக் குழாய்க்குள் ஊற்றுகிறார். சந்தெல்லாம் அடைபட்டுத் தண்ணீர் நிற்கிறது, இன்ஜின் பிடித்துவிடுகிறது! வாசர் வரும்வரை இது ஓடும் என்று மேஸ்திரியே ஒப்புக்கொள்கிறார்.

இதற்குள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பையன் ஒருவன் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டுகிறான். கனடா. பனிக்காட்டில் மேப்பிள் மரச்சாறு பள்ளத்துத் தொட்டியில் சேருகிறது. காய்ச்சும் கொட்டகை மேட்டில். கரண்ட் இல்லாத காட்டில் பெட்ரோல் பம்புதான் சாற்றை மேலே ஏற்றுகிறது. சுமார் 40 லிட்டர் சாறு காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு. "நம்ம பதநீர் மாதிரி!" என்று பெரியவர் கண்கள் விரிகின்றன. மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: "மேடு எத்தனை அடியாம்?"

பம்பு வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைக்குப் போகும் முன் ஒரு கயிறு எடுங்கள். கோடையில் தண்ணீர் இறங்கும் கடைசி மட்டத்திலிருந்து இன்ஜின் வைக்கும் இடம் வரை ஓர் அளவு, அங்கிருந்து தண்ணீர் விழ வேண்டிய இடம் வரை இன்னோர் அளவு. குழாயின் நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். புகை ஆபத்தானது, அதனால் அடைத்த கொட்டகைக்குள் பெட்ரோல் இன்ஜினை ஓட்டாதீர்கள். அளவோடு போனால் கடைக்காரர் பெரிய இன்ஜினைக் காட்டினாலும் உங்களுக்குத் தேவையானதை நீங்களே கேட்டு வாங்கலாம்.